மணிப் படத்தின் நிறைகளைச் சொல்ல வேண்டியவர்

முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பழகிப்போன வரிசை அதுதான்.

அது பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிற ஒரு பழைய கார்ட்டூன் படம். எல்லாமே கையால் வரைந்தது. வசனம் கிடையாது, இசையும் சத்தங்களும் மட்டும்தான். சுருளின் தலைப்பகுதி கிழிந்து போயிருந்ததால் படத்தின் பெயரும் தெரியாது, எடுத்தவர் பெயரும் தெரியாது. வேப்பமரமும் குழாயடியும் வேட்டி கட்டிய ஆட்களும் வருவதால் நம் நாட்டில் எடுத்தது என்று மட்டும் சொல்லலாம். நாங்கள் அதை மணிப் படம் என்போம்.

கதை இவ்வளவுதான். ஓடுகிற சைக்கிளில் இருந்து மணி கழன்று விழுந்துவிடுகிறது. ஓட்டுகிறவர் கவனிக்காமல் போய்விடுகிறார். மணி உருண்டு உருண்டு ஊரெல்லாம் தன் சைக்கிளைத் தேடுகிறது. வழியில் டீக்கடைக்காரர் அதைக் கவிழ்த்துச் சர்க்கரை அள்ளுகிறார். சந்தையில் ஒருவர் அதை ஆட்டின் கழுத்தில் கட்டிவிடுகிறார். ஒரு போலீஸ்காரர் துரத்துகிறார். எல்லாவற்றிலும் தப்பித்து, கடைசியில் தன் சைக்கிளைக் கண்டுபிடிக்கிறது. ஆனால் சைக்கிளில் இப்போது ரப்பர் ஹாரன் மாட்டியிருக்கிறது.

குறைகளுக்கு வருகிறேன். ஒரே வேப்பமரமும் ஒரே குழாயடியும் திரும்பத் திரும்ப வருகின்றன. மணி வெகுதூரம் வந்துவிட்டது என்று நாம் நம்ப வேண்டிய நேரத்தில் அதே குழாயடி வந்து காலை வாரிவிடுகிறது. ஆட்டுக்கு நடக்கவே தெரியவில்லை. முன்னங்கால்களை ஒருவரும் பின்னங்கால்களை அவரோடு பேச்சுவார்த்தை இல்லாத இன்னொருவரும் வரைந்தது போல இருக்கும். சந்தைக் காட்சி ஜவ்வாக இழுக்கிறது. போலீஸ்காரரின் தொந்தியை வைத்துச் செய்கிற வேடிக்கை அந்தக் காலத்திலேயே சலித்துப் போயிருக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை கடைசி அரை நிமிடம். ஹாரன் மாட்டிய சைக்கிளைப் பார்த்து மணி அப்படியே நிற்கிறது. படம் அங்கேயே முடிந்துவிட்டது. ஆனால் திடீரென்று ஒரு கை வந்து மணியை எடுத்து, யாரோ ஒரு சிறுமியின் புதுச் சைக்கிளில் மாட்டுகிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள், சூரியன்கூடச் சிரிக்கிறது. நிறமே மாறிவிடும். வரைந்த கையும் வேறு. 'இப்படியா அழுகையாய் முடிப்பது' என்று மேலே இருந்த யாரோ கேட்டிருப்பார்கள், இவர்களும் ஒட்டவைத்துக் கொடுத்திருப்பார்கள். நான் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஒருவர் கை எங்கே முடிந்து மற்றவர் கை எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரியும்.

நிறைகளை நான் சொல்லக் கூடாது. அது வேறொருவரின் வேலை. அவர் அந்த வேலையைச் செய்யாமல் போனதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அவரை நான் அண்ணே என்று கூப்பிடுவேன். அவர் என்னை டீச்சர் என்பார். மதுரையில் யாரும் யாரையும் அண்ணே என்று கூப்பிடலாம். கண்டக்டரும் அண்ணன்தான், கொய்யாப்பழம் விற்கிறவரும் அண்ணன்தான். நான் இவரைக் கூப்பிட்டது அந்த வகையில் சேராது. கூடப் பிறந்தவன் ஒருவன் எனக்கு உண்டு. அவனிடம் சொல்லாததையெல்லாம் இவரிடம் சொல்லியிருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரு பழைய அலமாரியைக் காலி செய்தபோது, குப்பைக்குப் போக இருந்த புரொஜெக்டரையும் இந்தச் சுருளையும் தலைமையாசிரியையிடம் கேட்டு வாங்கி வந்திருந்தேன். புரொஜெக்டருக்குப் பல்பு தேடி டவுன் பூராவும் அலைந்தபோது, ஒரு பழைய சாமான் கடைக்காரர், "இதே கிறுக்குப் பிடிச்ச சேலைக் கடைக்காரர் ஒருத்தர் இருக்காரு, அவரைப் போய்ப் பாருங்க" என்று அனுப்பினார். போனேன். கல்யாணப் பட்டு எடுக்க வந்த கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்து, "டீச்சர், உங்ககிட்ட என்ன படம் இருக்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

அவர் வீடு வண்டியூர்த் தெப்பக்குளத்துப் பக்கம். வீட்டில் பேசுவது சௌராஷ்டிர மொழி. நான் இருப்பது அவனியாபுரத்தில், ஒரு லேத் பட்டறைக்கு மேல் மாடியில். சனிக்கிழமை சாயங்காலம் பட்டறை நின்றதும் அவர் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவார். கையில் ஒரு தூக்குவாளியில் பருத்திப்பால் இருக்கும். ஹால் சுவரில் படம் ஓட்டுவோம். பக்கத்து ஏர்போர்ட்டில் விமானம் இறங்கும்போது ஜன்னல் அதிரும், படமும் கொஞ்சம் நடுங்கும். பிறகு பேச உட்காருவோம். இப்படி ரொம்ப வருஷம் போனது.

ஆரம்பத்தில் பேச்சு சண்டையில்தான் முடியும். அவரிடம் இருந்தவற்றில் அவருக்கு உயிரான படம், எறும்புகளின் கல்யாண ஊர்வலம் பற்றிய ஒரு கார்ட்டூன். மாப்பிள்ளை எறும்பு எறும்பு மாதிரியே இல்லை, கரப்பான்பூச்சி மாதிரி இருக்கிறது என்று நான் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு சில வாரம் ஆள் வரவில்லை. திரும்பி வந்தபோது ஒரு வழக்கத்தையும் கூடவே கொண்டு வந்தார்.

"படத்தைக் கொண்டு வந்தவங்க குறையை மட்டும் சொல்லணும். பாக்க வந்தவங்க நிறையை மட்டும் சொல்லணும். மாத்திச் சொல்லக் கூடாது, ஒரு தடவை பேசி உக்காந்தா மறுபடி எந்திரிக்கக் கூடாது. என்ன சொல்றீங்க டீச்சர்?"

விளையாட்டாகத்தான் தொடங்கினோம். ஆனால் அது என்னை மாற்றிவிட்டது. எனக்குப் பிடித்த படத்தின் குறைகளை நானே தேடித் தேடிச் சொன்னேன். எவ்வளவு கடுமையாகச் சொன்னாலும் பயமில்லை. நான் கிழித்துப் போட்டதையெல்லாம் எடுத்துத் தைத்துக் கொடுக்க எதிரே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்ற தைரியம். அவர் நிறை சொல்லும்போது கேட்க வேண்டும். மணிக்குக் கண்ணும் வாயும் வைக்காமல் விட்டிருக்கிறார்களே, அதிலிருந்து தொடங்குவார். நான் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். தன் பிள்ளையைப் பற்றி இன்னொருவர் நல்லது சொல்லும்போது ஒரு தாய் செய்வதைத்தான் நானும் செய்தேன்.

அந்த வழக்கத்தை நாங்கள் மீறியதே இல்லை. அவருடைய எறும்புக் கல்யாணத்தைப் பற்றி வெளியே யாராவது கேட்டால்கூட நான் நிறைதான் சொல்வேன். என் படத்தைக் கேட்டால் குறைதான் வாயில் வரும். வெளியாட்களுக்கு அது பைத்தியக்காரத்தனமாக இருந்திருக்கும். எங்களுக்கு அது மரியாதை.

பிறகு என் சுருளில் வாடை வர ஆரம்பித்தது. பழைய பிலிம் கெடத் தொடங்கினால் வினிகர் மாதிரி காடி வாடை அடிக்கும், டப்பாவைத் திறந்ததும் மூக்கில் ஏறும். அதற்குப் பிறகு பிலிம் சுருங்கும், வளையும், ஓரத்து ஓட்டைகள் புரொஜெக்டரின் பற்களில் உட்காராது. ஒரு நாள் கிழியும், அத்தோடு சரி. எனக்குத் தெரிந்து மணிப் படத்துக்கு வேறு பிரதி இல்லை. நெட்டில் தேடினோம், பழைய படம் சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் கேட்டோம். யாருக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் சென்னையில் இருந்து ஒரு சின்னக் குழு வந்தது. பழைய சுருள்களைச் சுத்தம் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றிப் பாதுகாக்கிறவர்கள். ஊர் ஊராகப் போய், அந்தந்த ஊரில் இருந்து ஒரு சுருளை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அவர்களுடைய சக்தி அவ்வளவுதான். மதுரையில் இருந்து என் படம், அல்லது அவர் படம். நாகமலை புதுக்கோட்டையில், தெரிந்த பேராசிரியர் ஒருவர் ஏற்பாடு செய்த சின்ன அறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஓட்டிக் காட்டுவதாக முடிவானது.

போகிற வழியில் பஸ்ஸில் அவர்தான் பேச்சை எடுத்தார்.

"டீச்சர், நாம எப்பவும் பேசுற மாதிரியே அங்கயும் பேசிருவோமா? அவங்கவங்க சாமானை அவங்கவங்களே புகழ்ந்தா கடைக்காரன் பேச்சு மாதிரி இருக்கும்."

"பேசிருவோம்ணே. எனக்கும் அதுதான் வரும்" என்றேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன். எங்கள் சனிக்கிழமையை இன்னும் நாலு பேர் பார்க்கப் போகிறார்கள் என்று பெருமைகூட இருந்தது.

குழுவில் ஒரு இளைஞரும் ஒரு பெண்ணும் வந்திருந்தார்கள். முதலில் எறும்புக் கல்யாணம் ஓடியது. அவர் எழுந்து குறை சொன்னார். வழக்கமாக நிறையச் சொல்வார். அன்று இசை கொஞ்சம் சத்தம் என்றார், முடிவு கொஞ்சம் சுருக்கம் என்றார், உட்கார்ந்துவிட்டார். கூச்சம் போல என்று நினைத்துக்கொண்டேன். நான் எழுந்தேன். பந்தியில் எறும்புகள் வரிசையாக உட்கார்ந்து ஒரே ஒரு சர்க்கரைத் துண்டைக் கை மாற்றிக் கை மாற்றிக் கொடுக்கும் காட்சியைச் சொன்னேன். ஒவ்வொரு எறும்பும் அதைத் தூக்குகிற விதம் வேறு வேறு என்று நடித்தே காட்டினேன். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அந்தப் படத்துக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை.

அடுத்து மணிப் படம். ஓடி முடிந்ததும் நான் மறுபடி எழுந்தேன், மேலே எழுதிய குறைகள் அத்தனையையும் சொன்னேன். குழாயடியைச் சொன்னேன், ஆட்டைச் சொன்னேன், ஒட்டவைத்த முடிவைச் சொன்னேன். கடைசி அரை நிமிடம் ஒரு பொய் என்று சொன்னேன். எந்தச் சனிக்கிழமையையும்விட நன்றாகவே பேசினேன் என்றுதான் சொல்ல வேண்டும். உட்கார்ந்து, அவரைப் பார்த்தேன். இனி அவர் பாடு.

அவர் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"டீச்சரே எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. இதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல?"

உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தொண்டை கட்டியிருக்குமோ, வந்தவர்களைப் பார்த்து வார்த்தை வரவில்லையோ என்று அவருக்காக நானே காரணம் தேடினேன். மறுபடி எழுவார் என்று காத்திருந்தேன். பேசி உட்கார்ந்தவர் மறுபடி எழக் கூடாது என்பதுகூட அந்த நேரத்தில்தான் நினைவுக்கு வந்தது. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. ஓடி முடிந்த சுருளைச் சுற்றிக்கொண்டிருந்தார். என்னுடைய சுருளை.

அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மேடம், இந்தப் படத்துல உங்களுக்குப் பிடிச்சதுன்னு எதுவுமே இல்லையா?"

நல்ல பெண். எனக்காக ஒரு கதவைத் திறந்து வைத்துக் கேட்டாள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? வாய் நிறையச் சொல்லியிருக்க வேண்டும். வழக்கமாவது ஒன்றாவது என்று எழுந்து கத்தியிருக்க வேண்டும். ஆனால் இத்தனை வருஷப் பழக்கம் நாக்கில் உட்கார்ந்திருந்தது.

"அதை நான் சொல்லக் கூடாதும்மா" என்றேன்.

அவள் அதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பாள்? சுருளுக்குச் சொந்தக்காரிக்கே சொல்ல ஒன்றும் இல்லை என்றுதானே. தலையாட்டிவிட்டு எழுந்து போனாள். அவளும் அந்த இளைஞரும் வராந்தாவில் நின்று பேசினார்கள். உள்ளே வந்து, எறும்புக் கல்யாணத்தை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அவர் டப்பாவை இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்தார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நின்றோம். என் டப்பா என் கையிலேயே இருந்தது. அவர் கொஞ்சம் தள்ளி நின்று வீட்டுக்குப் போன் செய்தார். அவர்கள் வீட்டு மொழியில் பேசினார். எனக்குப் புரியாது என்ற நிம்மதியில் சத்தமாகவே பேசினார்.

ஆனால் இத்தனை சனிக்கிழமையும் அவர் மனைவி போன் செய்வார். அவர் பேசி முடித்து, என்ன பேசினார்கள் என்று எனக்கும் சொல்வார். வா, போ, சாப்பிடு, பேசு, இல்லை, கொடு, எல்லாம் அவரே கற்றுக் கொடுத்த வார்த்தைகள். தப்பாகச் சொல்லிக் காட்டினால் விழுந்து விழுந்து சிரிப்பார். அந்த வார்த்தைகளை வைத்துக்கொண்டே எனக்கு அன்று எல்லாமே புரிந்தது. நம்முடையதைத்தான் எடுத்துக்கொண்டார்கள் என்றார். தான் பேசவில்லை என்றார். பேசியிருந்தால் டீச்சருடையதைக் கொண்டு போயிருப்பார்கள் என்றார்.

வந்து நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டேன். அது எங்கே போகிற பஸ் என்றுகூடப் பார்க்கவில்லை. பின்னால், "டீச்சர், டீச்சர், அது நம்ம பஸ் இல்ல" என்று அவர் கூப்பிடுவது கேட்டது.

அடுத்த நாள் காலையிலேயே மணிப் படத்தை ஓட்டினேன். இதுவரை செய்யாத ஒன்றைச் செய்யப் போகிறேன், நானே தனியாக உட்கார்ந்து நிறைகளைச் சத்தமாகச் சொல்லப் போகிறேன் என்று ஒரு வீம்பு. முந்தின நாள் வெயிலில் தூக்கிக்கொண்டு அலைந்தது காரணமோ, அதற்கு ஆயுளே அவ்வளவுதானோ தெரியாது. டீக்கடை வருவதற்குள் பிலிம் பல்லில் சிக்கிக் கிழிந்தது. ஒட்டிப் பார்த்தேன். ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே கிழிந்தது. ஓரத்து ஓட்டைகள் நொறுங்கித் தூளாகக் கையில் வந்தன. கீழே பட்டறையில் இரும்பு கடையும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. உட்கார்ந்து அழுதேன். ஒரு கார்ட்டூன் படத்துக்காக இந்த வயதில் யாராவது அழுவார்களா என்று கேட்பவர்கள் கேட்கட்டும்.

சனிக்கிழமை அவர் வந்தார். பட்டறை நின்றதும், எப்போதும் போல, பருத்திப்பாலோடு. அந்தத் துணிச்சல்தான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. அவராகவே வந்து, அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தார்.

"போன்ல நீங்க பேசுனது எனக்குப் புரிஞ்சுருச்சுண்ணே" என்றேன்.

அவர் தூக்குவாளியைக் கீழே வைத்தார். பால் கொஞ்சம் சிந்தியது. மறுக்கவில்லை. அதற்கு மட்டும் நன்றி.

"என் சுருள்லயும் வாடை வந்துருச்சு டீச்சர். உங்ககிட்ட சொல்லல. ரெண்டுல ஒண்ணுதான்னு சொல்லிட்டாங்க. உங்க படம்தான் ஒசத்தி. நான் வாயைத் திறந்தா என் படம் செத்துரும். நான் என்ன செய்ய?"

"என்கிட்ட கேட்டிருக்கலாம்ல."

"கேட்டா விட்டுக் கொடுத்திருப்பீங்களா?"

கொடுத்திருப்பேன் என்று சொன்னால் அது இன்னொரு ஒட்டவைத்த முடிவு. கொடுக்காமலும் இருந்திருக்கலாம். ஆனால் அது என் கையில் இருந்திருக்க வேண்டிய முடிவு. அண்ணே என்று கூப்பிட்டவளின் வாயாலேயே அவள் படத்தைக் கொல்ல வைத்துவிட்டு, சும்மா உட்கார்ந்திருந்தாரே. பஸ்ஸில் அந்தப் பேச்சை எடுத்தபோதே இது மனதில் இருந்ததா என்று கேட்க நினைத்தேன். பதிலுக்குப் பயந்து கேட்கவில்லை.

"படம் கிழிஞ்சு போச்சு. இனிமே ஓடாது" என்றேன்.

அவர் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு வெற்றுச் சுவரைப் பார்த்தபடி, "அன்னைக்கு நான் சொல்ல வேண்டியதை இப்பச் சொல்றேன் டீச்சர்" என்றார்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கேட்க ஆசையாக இருந்தது, அதுதான் எனக்கே கேவலமாக இருந்தது.

அவர் நிறைகளைச் சொன்னார். மணிக்கு முகம் இல்லை, சாய்கிற சாய்ப்பிலேயே அதன் மனசு தெரியும் என்றார். டீக்கடையில் சர்க்கரை நிரம்பியதும் அது ஒலிக்க முடியாமல் போகிறதே, அங்கே இசையையும் நிறுத்தியிருக்கிறார்களே, வரைந்தவன் பெரிய ஆள் டீச்சர் என்றார். மழையில் ஒவ்வொரு துளியும் அதன் மேல் விழுந்து வேறு வேறு சத்தம் போடும் இடத்தைச் சொன்னார். இதெல்லாம் நான் பல சனிக்கிழமைகளில் கேட்டவை. பிறகு நான் கேட்டிராத ஒன்றைச் சொன்னார்.

"ஹாரன் மாட்டுன சைக்கிளை மணி பாத்து நிக்கும்ல டீச்சர். அப்ப அதோட பளபளப்புல அந்த சைக்கிள் குட்டியாத் தெரியும். அந்தக் குட்டி சைக்கிள்ல ஹாரன் இருக்காது. மணி இருக்கும். பழைய மாதிரியே. கண் மூடித் திறக்குறதுக்குள்ள போயிரும். போன மாசம்தான் பாத்தேன். நாகமலையில வச்சு, எல்லார் முன்னாடியும் சொல்லணும்னு வச்சிருந்தேன்."

எத்தனை தடவை ஓட்டியிருப்பேன். நான் பார்த்ததே இல்லை. மனதுக்குள் அந்த இடத்தைக் கொண்டுவந்து பார்த்தேன். மணி நின்றது, பளபளத்தது. அதற்குள் என்ன இருந்தது என்று மட்டும் தெரியவில்லை.

இதைப் பார்க்கத் தெரிந்த கண் அவருக்கு இருந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் அன்று கண்ணாடியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"நீங்க போயிட்டு வாங்கண்ணே" என்றேன். இந்த ஊரில் யாரையும் போ என்று மட்டும் சொல்லும் வழக்கமில்லை. ஆனால் வரச் சொல்லவில்லை என்பது அவருக்குப் புரிந்தது. தூக்குவாளியை விட்டுவிட்டு இறங்கிப் போனார்.

பிலிமை வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பார்த்தேன், அந்தப் பொடிக் கட்டங்களில் அப்படி எதுவும் பிடிபடவில்லை. அவர் சொன்னது உண்மையா, அன்று எனக்காகக் கட்டிச் சொன்னதா என்று தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருக்கிறது. படத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும்.